நறுமணப் பொருள்களின் சூழல் பாதுகாப்பும் விலங்கு தவிர்த்த சோதனை முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்
நறுமணப் பொருள்கள் நீர்நிலைகளுக்கு ஊறு விளைவிக்குமா என்பதை மீன்களைக் கொல்லாமல் கண்டறியும் முறைகளையும் அவற்றின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நறுமணப் பொருள், நீர்ச்சூழல் நச்சியல், செவுள் செல்வரிசை, உயிர்ச்செறிவுக் காரணி

முன்னுரை
சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் ஆகியவற்றில் சேர்க்கப்படும் நறுமணப் பொருள்கள் கழிவுநீரோடு கலந்து ஆறுகளை அடைகின்றன. அவற்றுள் சில எளிதில் சிதைவதில்லை. செயற்கைக் கத்தூரியான மஸ்க் சைலீன், சூழலில் நிலைத்திருந்து உயிரிகளின் உடலில் மிகையாகச் சேர்வதால், 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகு கவலைக்குரிய பொருள்கள் பட்டியலில் இடம்பெற்றது. எனவே சோதனை இன்றியமையாதது. அதற்கு மீன்கள் மடியத்தான் வேண்டுமா என்பதே வினா.

மரபுவழிச் சோதனை
பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 203ஆம் நெறிமுறை, 96 மணிநேரத்தில் பாதி மீன்கள் இறக்கும் செறிவைக் கணிக்கிறது. ஐந்து செறிவுகள், ஓர் ஒப்பீட்டுத் தொகுதி, ஒவ்வொன்றிலும் ஏழு மீன்கள் எனக் கொண்டால் ஒரு பொருளுக்கு 42 மீன்கள் தேவை. ஐரோப்பிய அழகுப்பொருள் சட்டம் விலங்குச் சோதனைக்குத் தடை விதித்தபோதிலும், வேதிப்பொருள் பதிவுச் சட்டம் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு மீன் நச்சுத்தன்மைத் தரவைக் கோருகிறது.

கணிப்பு முறை
நறுமணப் பொருள்கள் ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் படிநிலை முறையில், முதற்படியில் உயிரிச் சோதனை இல்லை. பொருளின் கொழுப்பு நாட்டத்தைக் கொண்டு மீன்களுக்கான நச்சளவு கணிக்கப்பட்டு, 10,00,000ஆல் வகுக்கப்படுகிறது. நீரில் எதிர்பார்க்கப்படும் செறிவு இவ்வளவினும் குறைவெனில் மேற்சோதனை வேண்டுவதில்லை.

செவுள் செல்வரிசை
2021இல் ஏற்கப்பட்ட 249ஆம் நெறிமுறை, வானவில் டிரவுட் மீனின் செவுளிலிருந்து பெறப்பட்டு ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்வரிசையைப் பயன்படுத்துகிறது. 24 மணிநேரத்திற்குப் பின் செல்லின் வளர்சிதை மாற்றம், செல்சவ்வு, லைசோசோம் ஆகியவற்றின் நிலையை மூன்று சாயங்கள் காட்டுகின்றன.

உடலில் சேரும் அளவு
கேலக்சோலைடு என்னும் கத்தூரிப் பொருளின் கொழுப்பு நாட்டத்தை மட்டும் கொண்டு கணித்தால், அதன் உயிர்ச்செறிவுக் காரணி ஏறத்தாழ 20,000 ஆகிறது. மீனில் அளந்தபோது கிடைத்ததோ 1,584; ஐரோப்பிய வரம்பு 2,000. மீனின் உடல் அப்பொருளை மாற்றி வெளியேற்றுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ஆகவே, கணிப்பு மட்டும் போதாது. 2018இல் வெளிவந்த 319ஆம் நெறிமுறை, டிரவுட் கல்லீரல் செல்களில் இம்மாற்றத்தின் வேகத்தை அளந்து கணிப்பைத் திருத்த உதவுகிறது.

வரம்புகள்
நறுமணப் பொருள்கள் பல, எளிதில் ஆவியாகின்றன. பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. எனவே, இட்ட செறிவை அன்றி, கரைசலில் உண்மையில் நிலவும் செறிவை அளத்தல் வேண்டும். நரம்பைத் தாக்கும் நஞ்சுகளைச் செவுள் செல் உணர்த்தாமல் போகலாம். கல்லீரல் செல்களுக்கு மீன்கள் இன்னும் தேவைப்படுகின்றன. எனினும், ஒரு தொகுதிச் செல்களை உறையவைத்துப் பல சோதனைகளுக்குப் பயன்படுத்த இயலும்.

முடிவுரை
இம்முறைகளுள் எதுவும் தனித்து மீன் சோதனைக்கு முழு மாற்றாகாது. கணிப்பு, செவுள் செல், கல்லீரல் செல் ஆகியவற்றின் முடிவுகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துமிடத்து மீன் சோதனையைத் தவிர்க்கலாம். முரண்படுமிடத்து மட்டுமே அதனை நாடுதல் தகும்.