தன்னையே திருத்தி எழுதிய புரோகிராம்! ஆரணித் தறி செய்யாததைச் செய்த 80களின் குட்டி கம்ப்யூட்டர்கள்

ஆரணியில் பட்டு நெய்யும் ஜக்கார்டு தறியை அண்ணாந்து பார்த்தால், நூலில் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்கும். புடவை பார்டரில் ஓடும் மாங்காயும் அன்னமும் அந்த அட்டைகளில்தான் இருக்கின்றன. ஓட்டை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும். இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும். பிரான்ஸின் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த வகையில் கம்ப்யூட்டருக்குத் தறி பாட்டி முறை!

ஆனால், தறி ஓடும்போது அட்டை தானாக மாறாது. டிசைனை மாற்ற, புதிதாக அட்டை அடித்து, கோத்து, மாட்ட வேண்டும். நெசவாளிக்கு அது செலவு. ஓட ஓட அட்டையே தன் ஓட்டைகளை மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்?

1980களில் பேசிக் மொழி பழகியவர்கள் அதைத்தான் செய்து பார்த்தார்கள். நம் நாட்டில் 1984ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் பள்ளிகளுக்கு வந்த காலம் அது. அந்தப் பெட்டிகளில் புரோகிராமும், அது கையாளும் தகவலும் ஒரே மெமரியில் இருந்தன. ஆகவே, புரோகிராம் தன் மேலேயே கை வைக்கலாம்.

எதற்கு இந்த வேலை? கமடோர் 64ல் வரைபடம் போடும் புரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டும் சூத்திரம் அதற்கு வெறும் எழுத்து, கணக்காகப் புரியாது. அதனால் புரோகிராம் அந்தச் சூத்திரத்தை 100ஆம் வரி என்று எண் போட்டுத் திரையில் எழுதும். அதன் கீழே ‘ரன்’ என்று எழுதும். பிறகு கீபோர்டு தட்டல்கள் காத்திருக்கும் 631, 632 என்ற மெமரி இடங்களில் 13 என்ற எண்ணைப் போடும். 13 என்றால் ரிட்டர்ன் பட்டன். ‘2 தட்டல் காத்திருக்கிறது’ என்று 198ஆம் இடத்தில் குறித்துவிட்டு, தன்னை நிறுத்திக்கொள்ளும். யாரோ உட்கார்ந்து தட்டியதாக நம்பி, கம்ப்யூட்டர் புது வரியை ஏற்றுக்கொண்டு மறுபடி ஓடும். கில்லாடித்தனம்தான்!

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. புது வரி நுழைந்ததும் அதுவரை சேர்த்த மாறிகளின் மதிப்பெல்லாம் காலி.

ஸ்பெக்ட்ரமில் இன்னும் துணிச்சல். ‘ரெம்’ என்று தொடங்கும் வரி, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு. முதல் வரியில் அதை வைத்து, ‘போக்’ கட்டளையால் அதற்குள் மெஷின் கோடைத் திணிப்பார்கள். முகவரி வழக்கமாக 23760. ஓர் எண் பிசகினால் திரை உறைந்துபோகும். வயரைப் பிடுங்கி மாட்டினால், மணிக்கணக்கில் தட்டியது அத்தனையும் போச்சு. கேசட்டில் பதிந்து வைத்தவர் தப்பித்தார்.

பதிந்து வைத்தாலும் ஒரு தலைவலி மிச்சம். அட்டையில் ஓட்டை தவறினால் பூ வரும்போதெல்லாம் அதே பிசகு வரும். எந்த அட்டை என்று தேடிப் பிடித்துவிடலாம். தன்னை மாற்றிக்கொண்ட புரோகிராமிலோ, தப்பு செய்த வரியே இருக்காது. அதன்மேல் வேறு வரி உட்கார்ந்திருக்கும்.

இன்றைய போன்கள் இந்த விளையாட்டைச் சுலபமாக விடுவதில்லை. மெமரியில் எழுதும் இடம் வேறு, ஓடும் இடம் வேறு என்று பெரும்பாலும் பிரித்தே வைக்கின்றன. வைரஸ் எழுதுபவர்களுக்கும் இதே வித்தை தெரியும் என்பதுதான் காரணம். ஆசைப்பட்டால், பழைய பெட்டிகளைப்போல நடிக்கும் எமுலேட்டர்கள் இணையத்தில் இருக்கின்றன. அங்கேயும் முதலில் ‘சேவ்’, பிறகு ‘ரன்’.