நாயை மட்டும் பழக்கினால் போதாது

பார்வையற்றவரைத் தெருவில் அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாயைப் பற்றிப் பரவலாக நிலவும் எண்ணம், போக வேண்டிய இடத்தைச் சொன்னால் போதும், வழியறிந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதை நாய் பார்த்துக்கொள்ளும் என்பதாகும். உண்மையில் வழியை அறிந்திருக்க வேண்டியவர் மனிதர். எத்தனையாவது தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மனத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, முன்னே, இடம், வலம் என்று கட்டளையிடுபவர் அவரே. நடைபாதையில் எதிர்ப்படும் பள்ளம், கம்பம், தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, குறுக்கே பாயும் வண்டி ஆகியவற்றிலிருந்து இருவரையும் விலக்கிச் செல்வதும், படியின் முன்பும் நடைபாதை விளிம்பிலும் நின்று உணர்த்துவதும் நாயின் பொறுப்பு. போக்குவரத்து விளக்கை நாய் படிப்பதில்லை. அதன் கண் சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போலப் பிரித்தறிவதும் இல்லை. வண்டிகள் எத்திசையில் நிற்கின்றன, எத்திசையில் கிளம்புகின்றன என்பதைக் காதால் கேட்டு, சாலையைக் கடக்கும் தருணத்தை முடிவு செய்பவரும் மனிதர்தான். மின்சாரக் கார்கள் குறைந்த வேகத்தில் ஓடும்போதும் கேட்கத்தக்க ஒலியெழுப்ப வேண்டும் என்று அமெரிக்கா 2010-இல் சட்டமியற்றியதற்கு, இவ்வாறு காதை நம்பி நடப்போரின் அச்சம் முக்கியக் காரணமாக இருந்தது.

இந்த வேலைப் பகிர்வு விளங்கினால், வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் மனிதருக்கு அளிக்கும் பயிற்சியில் ஏன் அவ்வளவு கண்டிப்புக் காட்டுகின்றன என்பதும் விளங்கும். வரலாற்றிலும் நாய்க்கான பயிற்சியும் மனிதருக்கான பயிற்சியும் சேர்ந்தே தொடங்கின. முதல் உலகப் போரில் விழியிழந்த வீரர்களுக்காக மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் முதல் பள்ளியைத் திறந்தார். 1923-இல் போட்ஸ்டாமில் மற்றொன்று தோன்றியது. சுவிட்சர்லாந்தில் காவல்துறைக்கும் படைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்து வந்த டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, போட்ஸ்டாமில் கண்டதைப் பற்றி 1927 நவம்பரில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வாழ்ந்த பார்வையற்ற இளைஞர் மோரிஸ் ஃபிராங்குக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தமக்கு ஒரு நாயைத் தந்தால், நாடு திரும்பியபின் பிறருக்கும் அவ்வாய்ப்புக் கிடைக்கப் பாடுபடுவதாக அவர் யூஸ்டிஸுக்கு எழுதினார். 1928-இல் சுவிட்சர்லாந்து சென்று, 'படி' (Buddy) என்று அவர் பெயரிட்ட நாயுடன் பயின்று திரும்பிய அவர், நியூயார்க்கின் நெரிசல் மிகுந்த சாலையொன்றைச் செய்தியாளர்கள் முன்னிலையில் கடந்து காட்டினார். 1929 ஜனவரியில் யூஸ்டிஸும் அவரும் நிறுவிய 'தி சீயிங் ஐ' பள்ளி, இன்று நியூஜெர்சியின் மோரிஸ்டவுனில் இயங்குகிறது.

அப்பள்ளியின் நடைமுறையையே எடுத்துக்கொண்டால், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய இனங்களில் பொறுக்கி ஈனச்செய்த குட்டிகள் ஏறத்தாழ எட்டு வார வயதில் தன்னார்வக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அக்குடும்பங்கள் ஓராண்டுக்கும் மேலாக அவற்றைக் கடை, பேருந்து, கூட்டம், இரைச்சல் ஆகியவற்றுக்குப் பழக்கிய பின்பே பள்ளி திரும்பப் பெற்று, சில மாத முறைப்பயிற்சியைத் தொடங்குகிறது. இப்பயிற்சியின் கடினமான பகுதி, அறிவார்ந்த கீழ்ப்படியாமை எனத் துறையினர் வழங்கும் பண்பை ஊட்டுவதாகும். அதாவது, 'முன்னே' என்ற கட்டளை கிடைத்தாலும், எதிரே வண்டி பாய்ந்து வந்தால் நாய் நகர மறுக்க வேண்டும். இதற்காகப் பள்ளியின் ஊழியர்களே வண்டியை ஓட்டி வந்து பாதையில் குறுக்கிடுவார்கள். பயிற்சியின் இறுதிக்கட்டத்தில் பயிற்றுநர் தம் கண்களைக் கட்டிக்கொண்டு, தாம் பழக்கிய நாயுடன் நகரத் தெருவில் நடந்து காட்ட வேண்டும். எல்லா நாயும் தேறுவதில்லை. மிரளும் இயல்புடையவையும், அணிலைக் கண்டால் கடமையை மறப்பவையும் வேறு பணிகளுக்கோ வீட்டு வளர்ப்புக்கோ அனுப்பப்படுகின்றன.

மனிதருக்கான தேர்வும் எளிதன்று. வெண்கோலின் உதவியால் தனியே நடமாடவும் திசையறியவும் முன்னதாகவே பழகியிருப்பது விண்ணப்பிப்பவரிடம் எதிர்பார்க்கப்படுகிறது. தன் ஊரின் தெருக்களைத் தானே அறியாதவருக்கு நாயால் பயனில்லை. அடுத்து, 'ஜூனோ நடை' என்ற சோதனை நடக்கிறது. இதில் நாயே இராது. பயிற்றுநர், நாயின் உடலில் பூட்டும் சேணத்தின் ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு, ஜூனோ என்ற கற்பனை நாயாக முன்னே நடக்க, விண்ணப்பதாரர் கைப்பிடியைப் பற்றிப் பின்தொடர்வார். அவருடைய நடைவேகம் என்ன, எவ்வளவு இழுவையை அவர் கை தாங்கும், உடற்சமநிலை எப்படி என்பவை இந்நடையில் அளவிடப்பட்டு, அவற்றோடு அவருடைய ஊர், வேலை, குணம் ஆகியவையும் சேர்த்துப் பார்க்கப்பட்டு நாய் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பெருநகரில் நாள்தோறும் ரயிலேறிச் செல்பவருக்கும் சிற்றூரில் அமைதியாக வாழும் முதியவருக்கும் ஒரே நாய் ஒத்துவராது.

பின்னர் சில வாரங்கள் இருவரும் சேர்ந்து பயில்கிறார்கள். அதுவரை நாயின் அன்புக்கு உரியவர் பயிற்றுநர். ஆகவே அவர் வேண்டுமென்றே ஒதுங்கிக்கொள்ள, உணவிடுவது, வெளியே கொண்டுசெல்வது, சீவிவிடுவது ஆகிய அனைத்தும் புதியவரின் கைக்கு மாறுகின்றன. இக்காலத்தில் அவர் கற்கும் பாடங்களில் முதன்மையானது, நாய் நிற்கும்போது என்ன செய்வது என்பதாகும். நாய் நின்றால் காரணம் உண்டு என்று கொண்டு, காலை முன்னே நீட்டித் துழாவி, படியா, பள்ளமா, தடுப்பா என்று அறிந்து, உடனே பாராட்டிவிட்டுத் தொடர வேண்டும். பொறுமையின்றி வற்புறுத்தி இழுப்பவர், நிற்பதால் பயனில்லை என்ற பாடத்தை நாய்க்குத் தாமே கற்பித்துவிடுகிறார். பள்ளி மாதக்கணக்கில் உழைத்து ஊட்டிய கீழ்ப்படியாமை சில வாரங்களில் தேய்ந்துபோகும். மாறாக, தோளில் கம்பம் இடித்துவிட்டால், சில அடி பின்வாங்கி, அந்தக் கம்பத்தைத் தட்டிக் காட்டி, மீண்டும் அதே இடத்தைக் கடந்து, சரியாக விலகியதும் மெச்ச வேண்டும். நாயின் பிழையை அப்போதே திருத்துகின்ற இந்தத் திறன் இல்லாதவரிடம் எவ்வளவு சிறந்த நாயும் வெறும் வளர்ப்புப் பிராணியாகிவிடும் என்பதே பயிற்றுநர் பணிக்கு ஏறத்தாழ மூன்றாண்டுக் களப்பயிற்சி தேவைப்படுவதன் காரணம். அவர்கள் நாயைப் பழக்கக் கற்பதோடு மனிதரைப் பழக்கவும் கற்கிறார்கள்.

இதே அடிப்படை, சக்கர நாற்காலியில் இருப்போருக்குப் பொருளை எடுத்துத் தரும் நாய்க்கும், செவிப்புலன் இழந்தோருக்குக் கதவுமணியை உணர்த்தும் நாய்க்கும் பொருந்தும். இவையனைத்தையும் பணி நாய் என்ற ஒரே வகையில் அடக்கும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் (1990), அவற்றுடன் வருவோரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்கிறது. கடைக்காரர் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு மட்டுமே: மாற்றுத்திறன் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, எந்தப் பணிக்கு அது பழக்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் கேட்க உரிமையில்லை. நாயை உரியவரே பழக்கியிருந்தாலும் சட்டத்துக்கு அது போதும். அருகில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாய் இவ்வகையில் சேராது. சான்றிதழ் கேட்கப்படாததைப் பயன்படுத்தி, பழக்கப்படாத செல்லப் பிராணிக்குப் பணி நாயின் மேலங்கியை மாட்டி அழைத்து வருவோரும் உண்டு; அத்தகைய ஒரு நாய் பாய்ந்து கடித்தால், அந்த அதிர்ச்சியிலேயே உண்மையான வழிகாட்டி நாய் பணிக்குத் தகுதியற்றதாகிவிடக் கூடும். ஆனால் எல்லோரிடமும் சான்றிதழ் கேட்பதை இதற்கு மருந்தாகக் கொண்டால், அதன் சுமையைத் தாங்கப்போகிறவர் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தப்படும் பார்வையற்றவரே. கட்டுக்கடங்காத நாயை வெளியேற்றக் கடைக்காரருக்கு இப்போதே சட்டம் உரிமை தருகிறது. அதைப் பயன்படுத்தத் தயங்குவதில்தான் குறை இருக்கிறது.

தி சீயிங் ஐ பள்ளியில் முதல் நாய்க்கு 150 டாலரும் அடுத்து வரும் ஒவ்வொரு நாய்க்கும் 50 டாலரும் பெறப்படுகின்றன. முன்னாள் படைவீரருக்கு ஒரு டாலர். நாயை உருவாக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெயரளவிலான தொகைதான். எனினும், பெறுபவர் இரவலராக உணரக் கூடாது என்பதற்காகவே அது வாங்கப்படுகிறது. வீடு திரும்பியவருக்குப் புதிய வேலையோ புதிய ஊரோ அமைந்தால், பயிற்றுநர் நேரில் வந்து வழிகளைப் பழக்கித் தருவதும் உண்டு. வழிகாட்டி நாய்கள் பெரும்பாலும் பத்து வயதை நெருங்கும்போது ஓய்வு பெறுகின்றன. ஓய்ந்த நாயைத் தம்முடனேயே வைத்துக்கொள்ளலாம், உறவினரிடம் தரலாம், பள்ளியிடம் திருப்பியும் தரலாம். இரண்டாவது நாயுடன் பழகுவது முதல் நாயைவிடக் கடினம் என்று பலர் சொல்வதுண்டு. எட்டாண்டு பழகிய நடையின் நினைவோடு கை கைப்பிடியைப் பற்றுவதும், புதிய நாயின் ஒவ்வொரு தயக்கமும் பழைய நாயோடு ஒப்பிடப்படுவதும் இதற்குக் காரணம். இரண்டாம் முறை வருவோருக்குப் பயிற்சி நாள்கள் குறைக்கப்பட்டாலும், ஜூனோ நடையிலிருந்து தொடங்கி அவருடைய வேகமும் இழுவையும் மீண்டும் அளக்கப்படுகின்றன; ஏனெனில் இடைப்பட்ட ஆண்டுகளில் நாய்க்கு மட்டும் வயதேறியிருப்பதில்லை.