"30 கேம் ஃப்ரீ" கன்சோல் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!

சம்பளம் ஏறின வாரம். இலந்தைக்குளம் ஐடி பார்க்ல வேலை முடிச்சு ரூமுக்கு வந்து, செகண்ட்ஹேண்ட் பிஎஸ்4 தேடுறீங்க. "18,000 ரூபாய், ஜெயில்பிரேக் பண்ணது, 30 கேம் உள்ளேயே இருக்கு"ன்னு ஒரு விளம்பரம் கண்ணுல படுதுன்னு வைங்க. செம லாபம்னு தோணும். ஆனா அந்த விலையில எது அடங்கலைன்னு பார்த்துடலாம்.

எங்க மாட்டுவோம்?

ஜெயில்பிரேக் பண்ண பிஎஸ்4 பழைய சாஃப்ட்வேர்லயே நிற்கும். அப்டேட் பண்ணா அந்த ஓட்டை அடைபட்டுடும். ஆனா ஆன்லைன்ல விளையாட லேட்டஸ்ட் அப்டேட் கட்டாயம். அதனால, "அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க ப்ரோ"ன்னு விக்கிறவர் சொன்னா, "ஆன்லைன் கிடையாது"ன்னு அர்த்தம்.

குறுக்கு வழியில ஆன்லைன் போய்ப் பிடிபட்டா தடை. அது உங்க அக்கவுன்ட் மேல மட்டுமில்ல, அந்த மெஷின் மேலேயே விழலாம். அப்புறம் புது அக்கவுன்ட் தொடங்கினாலும் பிரயோஜனம் இல்ல. கை மாறினாலும் தடை கூடவே வரும்.

இது புதுசும் இல்ல. 2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், மாற்றியமைக்கப்பட்ட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களைக் கூட்டமாக ஆன்லைன்ல இருந்து தூக்கியது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்த சில வாரங்களிலேயே, 'மிக்' ஃபிளாஷ் கார்டு போட்டவங்களை நின்டெண்டோ தடை செய்தது.

அதே வருஷம், செகண்ட்ஹேண்ட் கேம் கார்டு வாங்கிப் போட்ட ஒருத்தரும் மாட்டினார். ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாளம் உண்டு. பழைய ஓனர் நகல் எடுத்து வச்சிருந்தா, சந்தேகம் உங்க மேல விழும். அவர் வாங்கின விளம்பரத்தோட படங்களைக் காட்டின பிறகுதான் தடை நீங்கியது.

கணக்கு இதுதான்

மாசம் 3,000 சேமிக்கிறவருக்கு 18,000 என்பது ஆறு மாச உழைப்பு. தடை விழுந்த மெஷினை அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்க. அக்கவுன்ட் போச்சுன்னா, அதுல காசு கொடுத்து வாங்கின டிஜிட்டல் கேம்களும் போச்சு.

சட்டமும் இருக்கு. பதிப்புரிமைச் சட்டத்துல 2012ல சேர்த்த 65ஏ பிரிவுப்படி, உரிமையை மீறுற நோக்கத்தோட பாதுகாப்புப் பூட்டை உடைச்சா 2 வருஷம் வரை சிறை, கூடவே அபராதம்.

காசு கொடுக்கும் முன்

1. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்ல நின்னு கை மாத்தாதீங்க. டிவி இருக்கிற இடத்துல ஓட விட்டுப் பாருங்க.
2. ஹாட்ஸ்பாட் போட்டு, அவர் முன்னாடியே அப்டேட் பண்ணுங்க. தயங்கினா கிளம்பிடுங்க.
3. புதுசா ஒரு இலவச அக்கவுன்ட்ல லாகின் பண்ணி, ஸ்டோர் திறக்குதான்னு பாருங்க.
4. விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட், யூபிஐ ரசீது மூணையும் பத்திரமா வைங்க.

பட்ஜெட் கம்மியா? டிஸ்க் போடுற மாடலா வாங்குங்க. முடிச்ச கேமை வித்து அடுத்ததை வாங்கலாம். 30 கேம் ஒரே நாள்ல கிடைக்காது. ஆனா உங்க 18,000 பத்திரமா இருக்கும்.

இப்படி மாட்டின அனுபவம் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல பேசலாம்!