முகமும் அளவும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயிலின் மண்டபத் தூண்களில் உள்ள சிற்பங்களைக் காண்போர் அவற்றின் முகப்பொலிவைக் கண்டு வியப்பர். சிற்பநூல் கற்றோர் உருவத்தைச் செதுக்கத் தொடங்குமுன் அதன் நடுவே நேர்கோடு ஒன்று வரைந்துகொள்வர். பிரம்ம சூத்திரம் என்பது அதன் பெயர். அக்கோட்டிற்கு இருபுறமும் கண்ணும் கன்னமும் எத்துணைத் தொலைவில் அமையவேண்டும் என்று அளவிட்ட பின்னரே உளியை எடுப்பர். கல்முகம் அசையாது, ஒருமுறை அளந்தால் போதும். மனித முகமோ கணந்தோறும் மாறுவது. அதனை அளப்பது எங்ஙனம்?

முகவாத நோயில் இவ்வினா இன்றியமையாததாகிறது. முகத்தின் ஒவ்வொரு பாதியிலும் நகைப்பும் சினமும் வியப்பும் தோன்றச் செய்வது ஒரு நரம்பு. மூளையினின்று வெளிப்படும் 12 இணை நரம்புகளுள் இஃது ஏழாவது. இதன் தொழிலைச் சார்லஸ் பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் 1821இல் விளக்கினார். முகவாதத்தின் ஒருவகை அவர் பெயராலேயே வழங்குகிறது. நரம்பு செயலிழந்தால் அப்பக்கத்துக் கண் மூடாது. பருகிய நீர் கடைவாய் வழியே ஒழுகும். சிரித்தால் வாய் ஒருபுறம் கோணும். பலர் சில திங்களில் நலம் பெறுவர். சிலர்க்குக் குறை நீடிக்கும். உவகையால் சிரிப்பவரை ஏளனம் செய்கிறார் எனப் பிறர் எண்ணிவிடுதலும் உண்டு. அத்துன்பம் நோயினும் பெரிது.

நோயின் கடுமையைக் குறிக்க, ஹவுஸ், பிராக்மன் என்னும் மருத்துவர் இருவர் 1985இல் ஆறு படிகளை வகுத்தனர். முயன்றால் கண் முழுதும் மூடுமாயின் மூன்றாம் படி. முயன்றும் மூடாதாயின் நான்காம் படி. எளிய முறைதான். ஆயினும் ஒருவர் மூன்று என்ற முகத்தையே மற்றொருவர் நான்கு என்பார். அன்றியும், சிறிது சிறிதாக வரும் நலம் ஒரே படிக்குள் மறைந்துவிடும்.

இக்குறையைப் போக்கக் கணிப்பொறி துணைசெய்கிறது. நோயாளி புருவத்தை உயர்த்துகிறார்; கண்ணை மூடுகிறார்; பல் தெரியச் சிரிக்கிறார். ஒளிப்படக் கருவி இவற்றை நொடிக்கு 30 படங்களாகப் பதிவு செய்கிறது. கணிப்பொறி ஒவ்வொரு படத்திலும் புருவம், இமை, வாயின் ஓரம் முதலிய இடங்களில் புள்ளிகளைக் குறித்து, அவை நகர்ந்த தொலைவைக் கணக்கிடுகிறது. முகம் அணித்தாயினும் சேய்த்தாயினும் பிழை நேராதிருக்க ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? கருவிழியே அவ்வளவுகோல்! வயது வந்தோரிடம் அதன் விட்டம் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் மிகுதியாக வேறுபடுவதில்லை.

மீண்டும் வளரும் நரம்பிழைகள் சில, வழிதவறி வேறு தசையைச் சென்றடைவதுண்டு. அப்பொழுது சிரிக்குந்தோறும் கண் சிறுத்து மூடும். வாயை நோக்கும் மருத்துவர் கண்ணை நோக்கத் தவறலாம். கணிப்பொறி இரண்டையும் ஒருங்கே அளக்கும்.

அதுவும் பிழை செய்யாததன்று. நலமுள்ள முகங்களை மட்டுமே கொண்டு பயிற்றப்பட்ட கணிப்பொறி, கோணிய வாயைக் கண்டபோது புள்ளிகளை இடம் தவறி வைத்தது. நோயுற்றோர் படங்களையும் சேர்த்துப் பயிற்றிய பின்னரே அப்பிழை குறைந்தது. இருபாதியும் முற்றும் ஒத்த முகம் உலகில் இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆதலின் நோயாளியின் இன்றைய முகத்தை அவரது சென்ற திங்கள் முகத்தோடும் ஒப்பிடுதல் வேண்டும். வாயின் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருப்பினும், கண்ணாடியில் தாம் காணாத அவ்வுயர்வை அவர் எண்ணாகக் காண்பார்.