பானெட்டில் கல் தெறித்த புள்ளி

லாரிக்குப் பின்னால் போகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பானெட் முனையில் கடுகளவு பெயின்ட் போயிருக்கும். இதை அப்படியே விடலாமா, பெயின்டரிடம் போகணுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புள்ளி எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

கார் பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு இல்லை. இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான்தான், தலைமுடி ஒன்றிரண்டின் தடிமன். நிறப் பூச்சு இதில் ரொம்ப மெல்லிசு. பளபளப்பும் வெயில் தாங்குவதும் கிளியர் கோட்டின் வேலை.

புள்ளியைக் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே காரின் நிறமே தெரிந்தால் மேல்பூச்சுதான் போயிருக்கு. சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர் இன்னும் இருக்கு, அவசரம் இல்லை. உலோகம் மின்னினாலோ பழுப்பு தட்டியிருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. அதுவும் சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில்.

ஏன் என்றால், துரு இருந்த இடத்திலேயே இருக்காது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, ஓரத்துப் பெயின்டைத் தூக்கிவிடும். தூக்கிய இடுக்கில் தண்ணியும் உப்பும் போய் உட்காரும், அங்கே புதுத் துரு. வெளியே கடுகு, உள்ளே காசளவு. துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். அது தற்காலிக உதவிதான்.

பெயின்டரிடம் போனால் “முழு பானெட்டையும் அடிச்சிடலாம் சார்” என்பார். ஒன்றிரண்டு புள்ளிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தொழிற்சாலையில் மேல்பூச்சை சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். முழுசாகப் பூட்டிய காரில் பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் இருப்பதால் பட்டறையில் 60 டிகிரி அளவில்தான் காய வைக்க முடியும், அதற்கென்றே வேறு வகைப் பெயின்ட். நல்ல பட்டறை நன்றாகவே செய்யும். ஆனாலும் ஒரிஜினல் பூச்சை ஒரு கடுகுக்காக இழப்பானேன்?

வீட்டிலேயே செய்யலாம். டச்-அப் பெயின்டை நிறத்தின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். வெள்ளையிலேயே பல வெள்ளை இருக்கு. துரு இருந்தால் சிறு உப்புத்தாள் துண்டால் புள்ளிக்குள் மட்டும் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கணும். இந்தத் துடைப்பை விட்டால் எவ்வளவு நல்ல பெயின்டும் சில மாதத்தில் உரிந்து வரும். உலோகம் தெரிகிற இடத்துக்கு முதலில் பிரைமர்.

மூடியில் வரும் பிரஷ் பெரிசு. பல்குச்சி நுனி போதும். ஒரு சொட்டை நடுவில் வைத்தால் அதுவே பரவி ஓரத்தைத் தொடும். கரைப்பான் ஆவியாகப் போனதும் சொட்டு குழிந்துவிடும், அதனால் ஒரே தடவையில் நிரப்பப் பார்க்காமல், நடுவே காய விட்டு இரண்டு மூன்று தடவை. கடைசியில் கிளியர். நிழலில், சூடில்லாத தகட்டில் செய்யணும்.

மெட்டாலிக் நிறத்தில் புள்ளி கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஸ்பிரேயில் அலுமினியத் துகள்கள் படுத்த மாதிரி அடுக்கும். சொட்டில் தாறுமாறாக நிற்கும். மேடாக நிற்பதை 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் மட்டம் செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் சுற்றியுள்ள கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான். நான் தொடுவதில்லை.

பம்பரில் விழுந்த புள்ளிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அது பிளாஸ்டிக், துருவே பிடிக்காது. என் காரில் ஏழெட்டு இருக்கு, கிடக்கட்டும்.