நிக்கோ கானகத்திலே ஒரு கல்லறை

நிக்கோவுக்குப் போவதா, வேண்டாமா என்று நாங்கள் தயங்கியது உண்மை. டோக்கியோவுக்கு வடக்கே இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் அம்மலைக் கானகத்தைக் காணும்வரை, எதையும் அற்புதம் என்று சொல்லாதே என்பது ஜப்பானியர் வழக்கு. ஆனால் அங்கே தெய்வமாக வணங்கப்படுபவர் தொக்குகாவா இயேயசு. 1614-ஆம் ஆண்டில் ஜப்பான் நாடெங்கும் நம் திருமறையைத் தடைசெய்து, குருக்களை நாடுகடத்திய ஆணைக்குக் காரணமானவர் அவரே. சிற்றரசராயிருந்து விசுவாசத்திற்காக அனைத்தையும் துறந்த தக்கயாமா உக்கோன், அவ்வாணையால் மணிலாவுக்குத் துரத்தப்பட்டு, 1615-இல் அங்கேயே உயிர்நீத்தார். அவருக்கு 2017-இல் ஓசாக்காவில் முத்திப்பேறு பெற்றவர் பட்டம் வழங்கப்பட்டது.

இயேயசு 1616-இல் இறந்தார். அவர் விருப்பப்படியே அடுத்த ஆண்டில் நிக்கோவில் ஆலயம் எழுந்தது. இன்று நாம் காணும் பேரழகெல்லாம் பெரும்பாலும் பேரன் இயேமிட்சு 1636-இல் முடித்த திருப்பணியாகும். தாத்தாவின் தடையைக் கொடிய வேதகலாபனையாக வளர்த்தவரும் இந்தப் பேரனே.

ஆலயத்திற்கு வரும் பழைய சாலைகளின் இருமருங்கிலும் செடார் மரங்கள் வானளாவி நிற்கின்றன. சிற்றரசர் ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறுமையாக நட்டவை. 35 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. மற்றவர்கள் விலையுயர்ந்த விளக்குகளைக் காணிக்கையாக்க, அவர் கன்றுகளைக் கொடுத்தார் என்று கதை சொல்கிறார்கள். எங்களுக்கு ஆலயத்தைவிட இந்த மரங்களே பிடித்தன என்று சொன்னால் கலை அறிந்தவர்கள் சிரிக்கக்கூடும்!

உள்ளே, குதிரை லாயத்தின் சுவரில் உலகறிந்த மூன்று குரங்குகள். தீயதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்று அவை காட்டும் பாடம் குழந்தைகளுக்கானது என்பது நேரில் கண்டபோதுதான் விளங்கிற்று. எட்டுப் பலகைகளில் ஒரு குரங்கின் வாழ்க்கையே செதுக்கப்பட்டுள்ளது. முதற்பலகையில் தாய்க்குரங்கு கண்மேல் கைவைத்துப் பிள்ளையின் வருங்காலத்தை எட்டிப் பார்க்கிறது. எந்தத் தாய்தான் பார்க்கமாட்டாள்?

சற்று மேலே டச்சு வணிகக் கம்பெனியார் அளித்த வெண்கல விளக்கு ஒன்று உண்டு. தொக்குகாவா குடும்பத்தின் மூவிலைச் சின்னத்தை அதில் தலைகீழாகப் பொறித்துவிட்டார்கள்! போர்த்துக்கீசியரை 1639-இல் வெளியேற்றிய அரசு, வேதம் போதிக்காமல் வியாபாரம் மட்டும் செய்த டச்சுக்காரரை நாகசாகியில் இருக்கவிட்டது. தலைகீழ்ச் சின்னத்தையும் அது பொறுத்துக்கொண்டது.

அடுத்து யோமெய்மோன் வாயில். பொழுது சாயும்வரை பார்த்தாலும் அலுக்காது என்பார்கள். பொன்னும் வண்ணமுமாய் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சிற்பங்கள். பன்னிரு தூண்களில் ஒன்றில் மட்டும் கோலத்தை வேண்டுமென்றே தலைகீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். குறையின்றி முடிந்த கட்டடம் அன்றே அழியத் தொடங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

உறங்கும் பூனைச் சிற்பத்தைக் கடந்து 207 கற்படிகள் ஏறினோம். பொன் இல்லை, வண்ணம் இல்லை. மரங்களின் நிழலில், கல் வேலிக்குள், வெண்கலத்தால் ஆன சிறு கோபுரம் போன்ற கல்லறை. கீழே அவ்வளவு ஆடம்பரம். இங்கே ஈரமும் பாசியும் பறவையின் குரலும்தான்.

ஜப்பானியர் தலைவணங்கிச் சென்றனர். எங்களுக்கு வணங்க மனம் எழவில்லை; நாங்கள் எதிர்பார்த்து வந்த கசப்பும் எழவில்லை. எங்களோடு வந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வாய்க்குள் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.