கணிப்பொறி வாங்கப் புறப்படுமுன்

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தைக்குத் தில்லியில் உத்தியோகம். மகள் இவ்வாண்டு கல்லூரியில் சேர்கிறாள். அவளுக்கு ஒரு கணிப்பொறி வேண்டும். இதற்கென்று ஒதுக்கிய தொகை ஐம்பதாயிரம் ரூபாய். அதுவும் பல மாதச் சேமிப்பு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் மாமா. நேரு பிளேஸுக்குப் போனால் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் அலுவலக நண்பர். வீட்டில் இருந்தபடியே இணையத்தின் மூலம் வரவழைத்துவிடலாம் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?

எங்கே வாங்குவது என்பது என்ன வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. என்ன வாங்குவது என்பதோ, அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

கட்டுரை எழுதுதல், பாடம் கேட்டல், கணக்கு வைத்தல், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு மிகுந்த ஆற்றலுள்ள பொறி தேவையில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும். ஒன்று, ராம் எனப்படும் நினைவகம். இது சமையல் மேடையைப் போன்றது. மேடை சிறியதானால் ஒரே சமயத்தில் பல காரியங்கள் நடைபெற மாட்டா. மற்றொன்று, கோப்புகளைச் சேமித்து வைக்கும் பகுதி. இது உக்கிராண அறை. சாதாரண உபயோகத்துக்கு 8 ஜி.பி. ராமும், 512 ஜி.பி. கொண்ட எஸ்.எஸ்.டி.யும் தாராளம். பொறியியல் வரைபடங்கள், திரைப்படத் தொகுப்பு போன்ற கனமான வேலைகளுக்கு 16 ஜி.பி. ராம் அவசியம். பழைய பாணியில் சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டுமே உள்ள பொறியை, விலை எவ்வளவு குறைந்தாலும், அன்றாட வேலைக்கு வாங்காமலிருப்பது நன்று. அதன் மந்தகதி நாள்தோறும் பொறுமையைச் சோதிக்கும். சில மடிக்கணிப்பொறிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “இது ஐ5 பொறி” என்று கடைக்காரர் சொன்னதும் நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். இன்டெல் நிறுவனத்தின் ஐ5 என்ற பெயர் 2009ஆம் ஆண்டிலிருந்து வழங்கி வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொறியும் ஐ5 ஆக இருக்கலாம். ஆகையால் அந்தப் பெயரை அடுத்து வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணிப்பொறிகள் புதுப்பிக்கப்பட்டு மலிவாக விற்பனைக்கு வருகின்றன. இவற்றை வாங்குவோருக்கு இந்தத் தலைமுறைக் கணக்கு மிக முக்கியம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பொறிகளை ஏற்பதில்லை. அத்தகைய பொறியை வாங்கினால், கட்டணமில்லாமல் கிடைக்கும் லினக்ஸை நிறுவிப் பயன்படுத்தலாம். கல்லூரியோ அலுவலகமோ விண்டோஸைத்தான் கேட்கிறது என்றால் அதைத் தவிர்ப்பதே விவேகம்.

இனி, மேசைக் கணிப்பொறியா, மடிக்கணிப்பொறியா என்பது. மாற்றல் உத்தியோகத்தில் இருப்போர் இதைச் சற்று ஆழ்ந்து யோசிக்க வேண்டும். உறுப்புகளைத் தேர்ந்து கடையில் பொருத்தித் தரச் செய்யும் மேசைப் பொறி, கொடுத்த பணத்துக்கு அதிக ஆற்றல் தருவது. பழுதான உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் பொருத்திக் கொடுத்த கடைக்காரரின் உத்தரவாதம் அவர் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. குவாஹாத்திக்கு மாற்றலாகிப் போனவர் பழுது பார்க்கப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குத் திரும்பி வர இயலுமா? ஓரிடத்தில் நிலைத்துவிட்டவர்கள் தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, கொல்கத்தா சாந்தினி போன்ற கடைத்தெருக்களில் நான்கு கடை ஏறி இறங்கி விசாரித்து, மேசைப் பொறியைப் பொருத்திக்கொள்ளலாம். ஊர் மாறுகிறவர்களுக்கு, நாடெங்கும் பழுது பார்க்கும் நிலையங்களை உடைய நிறுவனத்தின் மடிக்கணிப்பொறியே ஏற்றது.

எங்கே வாங்கினாலும் ரசீது இன்றி வாங்கலாகாது. கணிப்பொறிக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். பொறியின் விலை 50,000 ரூபாய் என்றால் வரி 9,000 ரூபாய். “ரசீது வேண்டாம் என்றால் ஒன்பதாயிரம் மிச்சம்” என்று யாரேனும் ஆசை காட்டலாம். ரசீது இல்லாவிடில் வாங்கிய தேதிக்குச் சான்று இல்லை. உத்தரவாதம் எப்போது தொடங்கிற்று என்று காட்ட வழியில்லை. வழக்குக்கும் ஆதாரம் இல்லை. அந்த ஒன்பதாயிரம் லாபமன்று. பின்னால் வரக்கூடிய ஐம்பதாயிரம் நஷ்டத்துக்கு முன்பணம். பொறியின் வரிசை எண் ரசீதில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணிப்பொறிக்கும் மின்சாரம் ஊட்டும் அடாப்டருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். முத்திரையுடன் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்குவோர், விற்பவர் யார் என்பதை முதலில் படிக்க வேண்டும். தளத்தின் பெயர் வேறு, விற்பவரின் பெயர் வேறாக இருப்பது சகஜம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பெட்டி வந்ததும் பிரிப்பதை முதலிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது நல்ல வழக்கம்.

இத்தனைக்குப் பின்னும் பழுதான பொருள் வந்து சேர்ந்தால்? இங்கேதான் வெளி மாநிலத்தவருக்கு ஓர் ஆறுதலான செய்தி. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்ய உரிமை தருகிறது. சென்னையில் வாங்கிய பொருளுக்காகத் தில்லிவாசி சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம்.

இப்போது நம் தில்லிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். மகளுக்கு ஏற்றது நாடெங்கும் உத்தரவாதமுள்ள மடிக்கணிப்பொறி. அதைத் தில்லியில் வாங்குவது சௌகரியம். முதல் சில நாட்களில் குறை தோன்றினால் கடைக்காரரிடம் நேரில் செல்லலாம். மாமாவின் சொல்லைத் தட்ட முடியாமல் சென்னையிலேயே வாங்க நேர்ந்தால், விடுமுறையின் முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். நாள்தோறும் இயக்கிப் பார்த்துக் குறையில்லை என்று தெளிந்த பின்பே ரயிலேற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் செய்யத் தக்க காரியம் ஒன்று மீதி இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பு விண்டோஸ் 11இலேயே அடங்கியிருக்கிறது. தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்துகொண்டால் போதும். மகள் முதன்முதலாகத் தட்டெழுதுவது ஊரிலுள்ள பாட்டிக்கு ஒரு தமிழ்க் கடிதமாக இருக்கட்டுமே!